கீழ்க் கிண்ணத்துக் கல்: அதிர்வலையா, ஆர்ஐஆர்எஸ்ஸா, பிசிஎன்எல்லா?

சிறுநீரகத்தில் கல் இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்தவுடன் நோயாளியும் குடும்பத்தாரும் முதலில் தேடுவது கல் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே அளவுக் கல் அதிர்வலையிலேயே போய்விட்டது, மைத்துனருக்கு மட்டும் முதுகில் துளை போட்டு எடுத்தார்கள், நமக்கு எது என்று ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். அளவு முக்கியந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 14 மி.மீ. கல் சிறுநீரகத்தின் நடுப்பையில் இருப்பதும், அதே கல் கீழ் முனையிலுள்ள கிண்ணத்தில் இருப்பதும் சிகிச்சையைப் பொறுத்தவரை ஏறத்தாழ இரண்டு வேறு நோய்கள். கல் உட்கார்ந்திருக்கும் இடத்தின் வடிவம் எந்தச் சிகிச்சைக்கு உதவுகிறது, எதற்குக் குறுக்கே நிற்கிறது என்பதைக் கீழ்க் கிண்ணத்துக் கல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதிலும் 10 முதல் 20 மி.மீ. வரையிலான கற்களே பேச்சின் மையம். ஏனெனில் வெளியிலிருந்தே கல்லை உடைக்கும் அதிர்வலை, சிறுநீர் வழியாக உள்நோக்கியைச் செலுத்தும் ஆர்ஐஆர்எஸ், முதுகில் துளையிட்டுக் கல் எடுக்கும் பிசிஎன்எல் ஆகிய மூன்று முறைகளும் போட்டியிடும் களம் அதுதான்.

வளர்ந்த ஒருவரின் சிறுநீரகம் சுமார் 10 முதல் 12 செ.மீ. நீளமுள்ளது. அதனுள் சிறுநீர் முதலில் வந்து சேரும் சிறு கிண்ணங்களை மருத்துவர்கள் கேலிக்ஸ் என்பார்கள். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு குறுகிய கழுத்தின் வழியாக, பெல்விஸ் எனப்படும் நடுப்பையில் திறக்கிறது. அங்கிருந்து சிறுநீர்க்குழாய் கீழிறங்கிச் சிறுநீர்ப்பைக்குப் போகிறது. மேல் முனையிலுள்ள கிண்ணத்தின் கழுத்து பெரும்பாலும் ஒன்றேயாக, நேராகக் கீழ்நோக்கி நடுப்பையில் இறங்கும். கீழ் முனையில் நிலைமை வேறு. அங்கே கிண்ணங்கள் பலருக்கு இரண்டு வரிசையாக, ஒன்று முன்புறமும் மற்றொன்று பின்புறமும் நோக்கியவாறு அமைகின்றன; அவற்றின் கழுத்து கீழிருந்து மேல்நோக்கிச் சென்று நடுப்பையில் திறக்கிறது. ஆகவே அங்கே தங்கிய கல்லோ கல்துகளோ வெளியேற வேண்டுமானால் முதலில் மேலே ஏறி, பிறகு வளைந்து, அதன் பின்னரே கீழே இறங்க வேண்டும். செம்பின் அடியில் தங்கிய மணல், செம்பைக் கவிழ்க்காத வரையில் தானாக வெளியே வராது. கீழ்க் கிண்ணத்தின் சிக்கலும் அதுவே.

இந்த அமைப்பை அளந்து பார்க்க முயன்றவர்களுள் முன்னோடி, ரியோ டி ஜெனிரோவைச் சேர்ந்த உடற்கூறு ஆய்வாளர் பிரான்சிஸ்கோ சம்பையோ. சிறுநீரகங்களின் உட்குழிவுக்குள் பிசினைச் செலுத்தி இறுக வைத்து, சுற்றியுள்ள திசுவைக் கரைத்துவிட்டு, எஞ்சிய அச்சு வார்ப்புகளை அவர் ஆராய்ந்தார். கீழ்க் கிண்ணத்தின் கழுத்துக்கும் நடுப்பைக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்கு மேல் விரிந்திருந்தால் உடைந்த துகள்கள் எளிதாக வெளியேறும், அதற்குக் குறைந்தால் தேங்கும் என்ற கருத்தை 1992இல் அவர் முன்வைத்தார். 1998இல் எல்பானசி என்ற ஆய்வாளரும் உடனிருந்தோரும் 70 பாகைக்கு மேற்பட்ட கோணம், 3 செ.மீ.க்குக் குறைந்த கழுத்து நீளம், 5 மி.மீ.க்கு மேற்பட்ட கழுத்து அகலம் ஆகிய மூன்றையும் சாதகமான அமைப்பின் அடையாளங்களாகக் குறித்தார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: இவ்விருவரும் கோணத்தை அளந்த முறை ஒன்றல்ல. சம்பையோ நடுப்பையின் அச்சிலிருந்து அளந்தார். எல்பானசி குழுவினர் சிறுநீர்க்குழாயையும் நடுப்பையையும் இணைக்கும் கோட்டிலிருந்து அளந்தார்கள். ஒரே சிறுநீரகத்துக்கு இரு முறைகளும் இரு வேறு எண்களைத் தரும். எனவே "கோணம் 75 பாகை" என்று மட்டும் ஒருவர் சொன்னால், எந்த முறையில் அளந்தது என்று தெரியாமல் அதற்குப் பொருள் கொள்ள முடியாது. தனித்தனியாக இம்மூன்று அளவுகளுக்கும் எவ்வளவு எடை தருவது என்பதிலும் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. மூன்றும் சேர்ந்து பாதகமாக இருக்கும்போதுதான் முடிவெடுக்கத் தயக்கம் குறைகிறது.

அதிர்வலைச் சிகிச்சையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் ஷௌசியின் குழு முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதைச் செய்தது; அதுவரை விலாவின் கீழே பெரிதாகக் கீறிக் கல் எடுத்துக்கொண்டிருந்த காலம் என்பதை நினைத்துப் பார்த்தால், உடலில் ஒரு கீறலும் இல்லாமல் கல் உடைவது எத்தனை பெரிய மாற்றம் என்பது விளங்கும். உடலுக்கு வெளியிலிருந்து, நிமிடத்துக்கு 60 முதல் 90 வரை என்ற வேகத்தில், அதிர்வுகள் கல்லின் மீது குவிக்கப்படுகின்றன. கல் நொறுங்குகிறது. இதன் பணி அத்துடன் முடிந்துவிடுகிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டில் முக்கியம். நொறுங்கியதை வெளியே எடுப்பதற்கு இம்முறையில் கருவி எதுவும் இல்லை. சிறுநீரின் ஓட்டமும் புவியீர்ப்பும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கீழ்க் கிண்ணத்தில் இவ்விரண்டில் ஒன்று எதிராளியாகிவிடுகிறது. கல் நன்றாகவே உடைந்திருந்தும், மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அதே கிண்ணத்தில் துகள்கள் குவிந்து கிடப்பதை மருத்துவர்கள் காண்பது இதனால்தான். நோயாளியைத் தலைகீழாகச் சாய்த்து, விலாப்புறத்தைத் தட்டி, நிறைய நீர் அருந்த வைத்துத் துகள்களை நகர்த்தும் ஒரு துணைமுறை உண்டு. விசித்திரமாகத் தோன்றினாலும் அதற்குப் பயன் இருக்கிறது. அமைப்பு எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு, மனிதனையே கவிழ்க்க வேண்டியிருக்கிறது என்பதைவிட வேறு சான்று வேண்டாம்.

எண்களும் இதையே சொல்கின்றன. 2001இல் வெளியான, கீழ்க் கிண்ணத்துக் கற்களுக்கென்றே நடத்தப்பட்ட பல மருத்துவமனை ஆய்வில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து அதிர்வலையையும் பிசிஎன்எல்லையும் ஒப்பிட்டார்கள். மூன்று மாதத்தில் கல் முழுவதும் நீங்கியவர்கள் பிசிஎன்எல் பிரிவில் 95 விழுக்காடு, அதிர்வலைப் பிரிவில் 37 விழுக்காடு. கல் 10 மி.மீ.க்குள் இருந்தபோது அதிர்வலை ஓரளவு தாக்குப்பிடித்தது. அதைத் தாண்டியதும் சறுக்கியது. ஆகையால் 10 மி.மீ.க்குட்பட்ட, மிகவும் கடினமல்லாத, கழுத்து அகன்று கோணம் விரிந்த கிண்ணத்திலுள்ள கல்லுக்கு அதிர்வலையை முதலில் முயல்வது நியாயமான தேர்வு. 15 மி.மீ. கல், 4 மி.மீ. கழுத்து, கூர்மையான கோணம் என்றிருக்கும் இடத்தில், மயக்க மருந்து வேண்டாமே என்பதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு மூன்று முறை அதிர்வு கொடுத்த பிறகும் அறுவைக்கே வந்து நிற்க நேரிடலாம்.

ஆர்ஐஆர்எஸ் முறையில் மருத்துவர் கல் இருக்கும் இடத்துக்கே போகிறார். சிறுநீர் வெளியேறும் வழியாகவே மெல்லிய, வளையும் உள்நோக்கியை மேலே செலுத்தி, லேசர் கதிரால் கல்லைத் தூளாக்குவது அல்லது உடைத்து எடுப்பது இதன் வழி. கத்தியும் துளையும் இல்லை என்பதால் இன்று மிகவும் விரும்பப்படும் முறை இதுவே. உள்நோக்கியின் முனை ஏறத்தாழ 270 பாகை வரை வளையக்கூடியது என்பதால், கீழ்க் கிண்ணத்தின் கோணம் இதற்கு ஒரு பொருட்டே அல்ல என்று விளம்பரங்களில் எழுதிவிடுகிறார்கள். அறுவை அரங்கில் நடப்பது அவ்வளவு எளிதல்ல. முனை முழுவதுமாக வளைந்து கிண்ணத்தின் கழுத்துக்குள் நுழைந்து கல்லைக் கண்டுவிடுகிறது. திரையில் கல் தெளிவாகத் தெரிகிறது. இப்போது லேசர் இழையை உள்ளே செலுத்துகிறார்கள். முடியளவே பருமனுள்ள அந்த இழைக்கும் ஒரு விறைப்பு உண்டு. அது முனைக்கு வந்ததும் வளைவு சில பாகைகள் நிமிர்ந்துவிடுகிறது, திரையிலிருந்து கல் நழுவிப் போகிறது. தேர்ந்த அறுவை நிபுணர் இந்த இடத்தில் இழையோடு போராடுவதில்லை. நிட்டினால் என்ற வளைந்துகொடுக்கும் உலோகக் கம்பியால் ஆன சிறு கூடையில் கல்லைப் பிடித்து, மேல் கிண்ணத்துக்குத் தூக்கிச் சென்று வைத்துவிட்டு, நேரான பாதையில் நின்றுகொண்டு அங்கே உடைக்கிறார். துகள்கள் எஞ்சினாலும் அவை இப்போது கிடப்பது தானாகவே வடியும் கிண்ணத்தில். அமைப்பை வெல்ல முடியாதபோது கல்லின் முகவரியை மாற்றிவிடும் இந்த உத்தி, ஆர்ஐஆர்எஸ்ஸின் மிகப் பெரிய பலம் என்பது என் கருத்து. ஆனால் கல் கூடைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாகவும், கழுத்து அதை விடும் அளவுக்கு அகலமாகவும் இருந்தால்தான் இது நடக்கும்.

ஆர்ஐஆர்எஸ்ஸுக்கு இன்னொரு அமைப்புத் தடையும் உண்டு. அது சிறுநீரகத்தில் அல்ல, வரும் வழியில். உள்நோக்கி பலமுறை போய்வர வசதியாகச் சிறுநீர்க்குழாயில் ஓர் உறையைச் செலுத்துவது வழக்கம். பரவலாகப் பயன்படும் உறைகளுள் ஒன்றின் வெளி விட்டம் 14 பிரெஞ்ச், அதாவது சுமார் 4.7 மி.மீ. எல்லோருடைய குழாயும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. அப்போது பலவந்தம் செய்வது குழாயைக் கிழிக்கும். எனவே டிஜே ஸ்டென்ட் எனப்படும் மெல்லிய குழல் ஒன்றைச் சிறுநீர்க்குழாயில் வைத்துவிட்டு, ஓரிரு வாரங்களில் குழாய் தளர்ந்த பிறகு மீண்டும் வரச் சொல்வார்கள். அறுவைக்குப் படுத்து எழுந்தும் கல் அப்படியே இருக்கிறதே என்று குடும்பத்தினர் கோபப்படுவது உண்டு. அது தோல்வியல்ல, சரியான முடிவு. இப்படி நேரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதுதான் தவறு.

பிசிஎன்எல் முதுகுப்புறத் தோல் வழியாகச் சிறுநீரகத்துக்கு நேர்ப்பாதை போட்டுக் கல்லை எடுக்கிறது. சுவீடனைச் சேர்ந்த பெர்ன்ஸ்ட்ரோமும் யோகான்சனும் 1976இல் இதை முதலில் அறிவித்தார்கள். வழக்கமான முறையில் பாதையின் அகலம் 24 முதல் 30 பிரெஞ்ச், அதாவது 8 முதல் 10 மி.மீ.; மினி பிசிஎன்எல்லில் சுமார் 5 முதல் 7 மி.மீ. இங்கே ஒப்பீடு தலைகீழாகிவிடுகிறது. மற்ற இரு முறைகளுக்கும் தொல்லை கொடுத்த கீழ்க் கிண்ணம், ஊசிக்கு மிகவும் இணக்கமானது. அது விலா எலும்புகளுக்குக் கீழே, நுரையீரல் உறையிலிருந்து விலகி இருக்கிறது. பின்புறம் நோக்கிய கிண்ணம் குப்புறப் படுத்திருக்கும் நோயாளியின் முதுகுக்கு நேராக வருகிறது. கோணம் கூர்மையா விரிந்ததா என்ற கேள்வியே எழுவதில்லை, ஏனெனில் கல் அந்த வளைவைக் கடக்கவே வேண்டியதில்லை. மேல் கிண்ணத்துக் கல்லோ, அதிர்வலைக்கும் ஆர்ஐஆர்எஸ்ஸுக்கும் எளிது. பிசிஎன்எல் செய்ய வேண்டுமானால் பலருக்குக் கடைசி விலாவுக்கு மேலே ஊசி நுழைய வேண்டியிருக்கும், நுரையீரல் உறையில் காற்றோ நீரோ சேரும் ஆபத்து அதனால் கூடும்.

இந்த முரண், கற்களின் சிக்கலை மதிப்பிட மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களிலேயே பதிவாகியிருக்கிறது. பிசிஎன்எல்லுக்கான கைஸ் மதிப்பெண்ணில், இயல்பான சிறுநீரகத்தின் கீழ் முனையிலுள்ள ஒற்றைக் கல் மிக எளிதான முதல் நிலையில் வருகிறது. ஆர்ஐஆர்எஸ்ஸுக்கான ரெசோர்லு உன்சால் மதிப்பெண்ணிலோ, கீழ்க் கிண்ணத்தில் கல் இருந்து கோணமும் 45 பாகைக்குக் குறைந்தால் அதுவே சிக்கலுக்கான ஒரு புள்ளியாகிறது. ஒரே கல், ஒரே சிறுநீரகம். கேட்கும் முறையைப் பொறுத்து ஒன்று எளிது என்கிறது, மற்றொன்று கடினம் என்கிறது.

பிசிஎன்எல்லின் விலை இரத்தப்போக்கு. அதிலும் உடற்கூறுதான் பேசுகிறது. சிறுநீரகத் தமனியின் முன்கிளைகளும் பின்கிளைகளும் சந்திக்கும் இடத்தில், வெளி விளிம்பையொட்டிப் பின்புறமாக, பெரிய குழாய்கள் அதிகமில்லாத ஒரு பகுதி உண்டு. மேக்ஸ் பிரோடல் 1901இல் இதை விளக்கினார். அவர் மருத்துவரே அல்லர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஓவியர் என்பது இத்துறையின் சுவையான செய்திகளுள் ஒன்று. ஊசி அந்தப் பகுதி வழியாக, கிண்ணத்தின் அடிவிளிம்பில் நுழைந்தால் நாளங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். கிண்ணத்தின் கழுத்தையே குத்தினால் அதை ஒட்டி ஓடும் தமனி அறுபடும் வாய்ப்பு மிகுதி. ஊசி போட்ட கணத்திலேயே பாதி அறுவை முடிவாகிவிடுகிறது என்று மூத்த நிபுணர்கள் சொல்வது இதனால்தான்.

இயல்பிலிருந்து மாறிய சிறுநீரகங்களில் இந்தக் கணக்குகள் வேறு. அவற்றுள் அடிக்கடி காணப்படுவது குதிரைலாடச் சிறுநீரகம். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு உண்டு. கருவில் இரு சிறுநீரகங்களும் கீழ் முனையில் ஒட்டிக்கொண்டு, மேலேறும்போது கீழ்க் குடல்தாங்கித் தமனியில் சிக்கி, பாதி வழியில் நின்றுவிடுகின்றன. நடுப்பை முன்னோக்கி இருக்கிறது, சிறுநீர்க்குழாய் அதில் உயரமான இடத்தில் இணைந்து, ஒட்டிய பாலத்தின் மீது ஏறி இறங்குகிறது. வடிகால் மந்தமாக இருப்பதால் கல் உருவாவதும் எளிது, அதிர்வலையால் உடைத்த துகள்கள் தங்குவதும் எளிது. ஆனால் கிண்ணங்கள் முதுகை நோக்கித் திரும்பியிருப்பதாலும், இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் முன்புறமிருந்தும் உட்புறமிருந்தும் நுழைவதாலும், பிசிஎன்எல் ஊசிக்கு இது சாதகம். மேல் முனை கூட விலாவுக்குக் கீழேயே கிடைப்பதால், அந்த வழியாக முழுச் சிறுநீரகத்தையும் பார்க்கும் வாய்ப்பு அமைகிறது. சில நேரம் பெருங்குடல் சிறுநீரகத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் என்பதால், சிடி ஸ்கேன் பார்க்காமல் இங்கே ஊசி எடுப்பது துணிச்சல் அல்ல, அலட்சியம்.

கிண்ணத்தின் ஓரத்தில் மிகக் குறுகிய வாயுடன் அமைந்த பக்கப்பையில் கல் இருந்தால், அதிர்வலையால் வலி குறையலாம். கல் பெரும்பாலும் வெளியேறாது. பை பின்புறம் இருந்தால் பிசிஎன்எல்லும், மேற்புறத்தில் முன்னோக்கி இருந்தால் ஆர்ஐஆர்எஸ்ஸும் பொருந்தும். நடுப்பையும் சிறுநீர்க்குழாயும் சேருமிடத்தில் பிறவி அடைப்பு இருந்தால் அதிர்வலை கூடாது. அடைப்பைச் சரிசெய்யும் லேப்ராஸ்கோபி அறுவையிலேயே கல்லையும் எடுப்பது உத்தமம். இடுப்புக்குழியிலேயே தங்கிவிட்ட சிறுநீரகத்துக்கு முன்னால் குடலும் பின்னால் முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பும் இருப்பதால், ஊசி போட வேண்டுமென்றாலே பெரும்பாலும் லேப்ராஸ்கோபியின் துணை தேவைப்படுகிறது.

அமைப்பு மட்டுமே எல்லாம் அல்ல. சிடி அறிக்கையில் கல்லின் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு 1000க்கு மேல் இருந்தால் கல் அதிர்வலைக்கு எளிதில் உடையாது. தோலிலிருந்து கல் வரையிலான தூரம் 10 செ.மீ.யைத் தாண்டினாலும் அதே நிலை. இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை நிறுத்தவே முடியாத இதய நோயாளிக்கு அதிர்வலையும் பிசிஎன்எல்லும் தகா. அங்கே கோணம் பாதகமாக இருந்தாலும் ஆர்ஐஆர்எஸ்தான் வழி, இரண்டு தவணையில் முடிந்தாலும் சரி. சிறுநீரில் தொற்று இருக்கும்போது, எவ்வளவு வசதியான அமைப்பாக இருந்தாலும், அதைக் குணப்படுத்திய பின்னரே எந்த முறையையும் தொடங்க வேண்டும்.

நடைமுறையில் ஒரு குறை இருக்கிறது. சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை படமெடுக்கும் வழக்கமான சிடி கேயுபி அறிக்கையில் கல்லின் அளவும், சில சமயம் அடர்த்தியும் இருக்கும்; கோணமும் கழுத்தின் அகலமும் பெரும்பாலும் இராது. சாய மருந்து செலுத்தாத ஸ்கேனில் கிண்ணத்தின் கழுத்து தெளிவாகத் தெரிவதும் இல்லை. சாய மருந்து கொடுத்துச் சிறுநீர் நிறையும் கட்டத்தில் எடுக்கும் படத்தில்தான் உள்வடிவம் முழுமையாகப் புலப்படும். எல்லோருக்கும் அது வேண்டும் என்று சொல்ல மாட்டேன், 7 மி.மீ. கல்லுக்குச் செலவும் கதிர்வீச்சும் வீண். ஆனால் 15 மி.மீ. கீழ்க் கிண்ணத்துக் கல்லுக்கு, அதிலும் முன்பு ஒருமுறை அதிர்வலை பலிக்காதவருக்கு, அந்தப் படம் பயனுள்ளது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குச் சாய மருந்து ஆகாது என்பதால் கிரியாட்டினின் அளவைப் பார்த்த பிறகே அது.

வெற்றி விழுக்காடுகளைக் கேட்கும்போது, எதைக் கொண்டு அளந்தது என்றும் கேட்க வேண்டும். அல்ட்ராசவுண்டில் கல் இல்லை என்று வந்த பலருக்கு சிடியில் துகள்கள் தெரியும். 4 மி.மீ.க்குட்பட்ட துகள்களைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று கணக்கில் சேர்க்காமல் விடும் பழக்கமும் உண்டு. கீழ்க் கிண்ணத்தில் எஞ்சிய துகள் நாளைய கல்லின் கருவாகலாம் என்பதால் அந்தச் சலுகை இங்கே பொருந்தாது. 10 மி.மீ.க்குட்பட்ட கீழ்க் கிண்ணத்துக் கற்களில் அதிர்வலையையும் உள்நோக்கி முறையையும் சிடி கொண்டு ஒப்பிட்ட 2005ஆம் ஆண்டு ஆய்வில், முழுவதும் கல் நீங்கியவர்கள் முறையே 35, 50 விழுக்காடே. அந்த வித்தியாசமும் புள்ளியியல் அளவில் உறுதியாகவில்லை. கருவிகள் அதற்குப் பின் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனாலும் 98 விழுக்காடு வெற்றி என்ற பலகையைப் பார்க்கும்போது இந்த எண்களை நினைவில் கொள்வது நல்லது.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் என் சாய்வு இப்படி. 10 மி.மீ.க்குள், அமைப்பு சாதகம், கல் மிருது என்றால் அதிர்வலை. வலியோ அடைப்போ தொற்றோ இல்லையென்றால் ஆண்டுக்கொருமுறை ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் தகும். 10 முதல் 15 மி.மீ. வரை, கழுத்து ஓரளவு அகலம் என்றால் ஆர்ஐஆர்எஸ். 15 மி.மீ.க்கு மேல், கோணம் கூர்மை, கழுத்து குறுகல், கல் கடினம் என்று பாதகங்கள் சேர்ந்துகொண்டே போனால் மினி பிசிஎன்எல்லை நேரடியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டு மூன்று நாள் மருத்துவமனை வாசமும் முதுகில் ஒரு சிறு தழும்பும், இரண்டு முறை ஆர்ஐஆர்எஸ் செய்து வாரக்கணக்கில் ஸ்டென்டின் எரிச்சலோடு இருப்பதைவிடப் பலருக்கு இலகுவாகவே இருக்கும். 20 மி.மீ.யைத் தாண்டிவிட்டால் பிசிஎன்எல்லைத் தவிர்க்க வலுவான காரணம் வேண்டும். கையில் இருக்கும் மருத்துவர் எந்த முறையில் அதிகம் தேர்ந்தவர் என்பதும் இந்தத் தராசில் வைக்க வேண்டிய எடைதான். அரிதாகப் பிசிஎன்எல் செய்பவரிடம் அதைக் கேட்டு வாங்குவதைவிட, நாள்தோறும் ஆர்ஐஆர்எஸ் செய்பவரிடம் இரண்டு தவணைக்கு ஒப்புக்கொள்வது பாதுகாப்பானது. எடுத்த கல்லைப் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லி, மூன்றாம் மாதத்தில் ஒரு குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்துப் பார்த்தால், தேர்ந்தெடுத்த முறை அந்தக் கிண்ணத்துக்குப் பொருந்தியதா என்பது தெரிந்துவிடும்.